ரண்டி என்றால் வாங்க

திருப்பதியில் நாங்கள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபில் டோக்கன் நம்பர் காட்டும் பலகை ஒன்று உண்டு. சிவப்பு எழுத்தில் நம்பர் மாறும், கூடவே 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். எங்கள் டெக்னீஷியன் அக்கா அங்கே இருந்த வரைக்கும் அதை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லை. ரத்தம் எடுக்கும் அறையின் திரையை விலக்கிக்கொண்டு அவரே வெளியே வருவார். இரண்டு கையையும் நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, "ரண்டி, ரண்டி" என்று கூப்பிடுவார். தெலுங்கில் 'வாங்க, வாங்க'. புதிதாக வருகிறவர்கள் உள்ளே ஏதோ பந்தி நடக்கிறது என்றே நினைத்துக்கொள்வார்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிய பிறகுதான் விஷயம் தெரியும்.

அக்கா நகரிக்காரர். தறிக்காரக் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, மருத்துவச் சீட்டை வாசிக்கும் அளவுக்கு இங்கிலீஷ். பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த கணவர், மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். அதன் பிறகுதான் லேப் டெக்னீஷியன் படிப்பைப் படித்து முடித்து, மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தார். நான் புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பில் போடும் கவுன்டரில் உட்காருகிறவள். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரைதான். அவர் பேசியதில் பாதி நோயாளிகளுக்கும் மீதி எனக்கும் வந்து சேர்ந்தது.

உலகத்தில் அக்காவுக்குப் புரியாதது என்று ஒன்றுமே கிடையாது. சரியாகப் புரிந்ததா என்று கேட்டால் அது வேறு கதை. மலைக்கு வரும் பக்தர்கள் காய்ச்சல், வாந்தி என்று எங்களிடம் வருவார்கள். ஒரு நாளில் எத்தனையோ பாஷை காதில் விழும். ஒருமுறை ஒடிசாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தன் வயிற்றைத் தொட்டுத் தொட்டு நீளமாக ஏதோ சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு என்னிடம், "வெறும் வயித்துல வந்துக்கிறாராம், பாவம், மொதல்ல அவருக்கு எடுத்துடலாம்" என்றார். ரத்தம் எடுத்து முடித்ததும் பெரியவர் எழுந்து ஓடிய வேகத்தைப் பார்த்த பிறகுதான், அவர் கழிப்பறை எங்கே என்று கேட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"புரியலன்னா ஒரு வார்த்த கேட்டா இன்னாக்கா?"

"கேக்கறதுக்கு இன்னா கீது? மூஞ்சியப் பாத்தா தெரில?"

இதுதான் அவர் பதில். எதற்கும் இதுதான்.

அந்தப் பாட்டு எங்களிடம் வந்ததும் இப்படித்தான். லேபின் சொந்தக்காரரான டாக்டரம்மா அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தார். வெளியே காத்திருக்கிறவர்கள் பதற்றப்படாமல் இருக்கட்டும் என்று அதை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். ஏகப்பட்ட இங்கிலீஷ் பாட்டு. அதில் ஒரே நாடகத்தின் பாட்டுகள் வரிசையாக இருந்தன. "பிராட்வேல ரொம்ப வருஷமா நடக்கிற மியூசிக்கல்" என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார். அதில் ஏழெட்டுப் பாட்டுக்குப் பிறகு ஒரு பாட்டு வரும். முதலில் மணி அடிக்கும். தூரத்தில் ஜனங்களின் குரல் கேட்கும். அப்புறம் ஒரு பெண் குரல், "ரா…ண்டி, ரா…ண்டி" என்று இழுத்துப் பாடும்.

அக்கா ஊசியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். "ஏய், கேட்டியா? ரண்டின்றாடி!"

"இங்கிலீஷ் பாட்டுல ரண்டி எப்டிக்கா வரும்?"

"ஏன் வராது? அமெரிக்காவுல பாதி நம்ம ஆளுங்கதான். எவனோ குண்டூர்க்காரன் எழுதி இருப்பான்."

அன்றைக்கே கதையும் தயாராகிவிட்டது. கல்யாண வீடு. மணி அடிப்பது சர்ச்சில். பெண்ணைப் பெற்றவள் பந்தல் வாசலில் நின்று ஊரையே அழைக்கிறாள். நடுவில் வேகமாக வரும் இங்கிலீஷ் வரிகள் எல்லாம் இன்னின்ன பலகாரம் செய்திருக்கிறோம் என்ற விவரம். பின்னால் பெண்கள் ஒரு மாதிரி குரல் எழுப்புகிறார்களே, அது நம் ஊரில் குலவை போடுவதைப் போல. நானும் ஒரு டிகிரி வாங்கியவள்தான். ஆனால் இங்கிலீஷைப் பாட்டாகப் பாடினால் எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடாது. அக்கா சொல்லச் சொல்ல, எனக்கும் அதில் வாழைமரமும் பந்தியும் தெரிய ஆரம்பித்தன.

பிறகு அந்தப் பாட்டு அக்காவின் பாட்டாகிவிட்டது. குழந்தைகளுக்கு ஊசி போடும்போது அதே மெட்டில், "ரா…ண்டி, பயப்படகண்டி" என்று பாடுவார். பயப்படாதீங்க என்று அர்த்தம். குழந்தை வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தம் குழாயில் ஏறிவிடும். அவருடைய போன் அடித்தாலும் அதே பாட்டுதான். அந்த நாடகத்தை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசையாக வளர்ந்தது.

அந்தச் சொல்லால் ஒருநாள் பெரிய ரகளையும் நடந்தது. வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டு அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். அக்கா வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டி "ரண்டி, ரண்டி" என்றார். அந்த அம்மாவின் கணவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்த ஆரம்பித்துவிட்டார். கவுன்டர் கண்ணாடி உடையாதது என் அதிர்ஷ்டம். வாசலில் நின்ற இந்தி தெரிந்த ஆட்டோக்காரர் வந்து அவரைச் சமாதானப்படுத்தினார். அவர்கள் பாஷையில் அந்தச் சொல் ஒரு பெண்ணைப் பார்த்து வாயால் சொல்லவே கூடாத வசை என்று பிறகு எங்களிடம் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கா அசரவே இல்லை.

"சொல்லுல இன்னா கீது? கூப்டற மூஞ்சியப் பாக்கத் தேவல?" என்றார். ஆனால் அதற்குப் பிறகு வடக்கத்தியவர்கள் வந்தால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டுவார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சித்தூர்க்காரர், அமெரிக்காவில் வேலை. பத்திரிகை வாங்கச் சென்னைக்குப் போனோம், பாரிமுனைக்கு. எங்கள் பக்கத்தில் வசதியுள்ளவர்கள் கல்யாணப் பத்திரிகைக்கு அங்கேதான் போவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா என்னை விட்டுவிட்டு ஒரு சாத்துக்குடி வண்டிக்காரரிடம் போய் நின்றார்.

"அண்ணா, இங்க பிராட்வேல இங்கிலீஷ் டிராமா போடுவாங்களே, அந்தக் கொட்டாய் எந்தப் பக்கம்?"

அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "டிராமாவா? பஸ்ஸு வேணா பத்து நம்பர் கீது, சொல்லட்டுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா பிராட்வே என்று சொன்ன நாளிலிருந்து அக்கா இந்தப் பாரிமுனையை ஒட்டிய சென்னை பிராட்வே என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, திரும்பி வரும்போது நகரி வரைக்கும் என் வயிறு வலித்தது. அக்கா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அமெரிக்காவுலயும் அதே பேர வெச்சுக்கிறானுங்க பாரேன், வேற பேரே கெடைக்கல" என்றார்.

அந்தக் கல்யாணம் இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறாது. சித்தூரில் பெரிய மண்டபம். முதல்நாள் சாயங்காலமே அக்காவின் நாத்தனார் வந்து, எல்லார் முன்னிலையிலும், குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "வாசல்ல நீ நிக்காத, நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டார். கணவன் இல்லாதவள் மணப்பந்தல் வாசலில் நின்று சந்தனம் கொடுக்கக் கூடாது என்பது அதன் பொருள். எனக்கு நாத்தனாரை அப்படியே இலையில் வைத்துக் கட்டிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அக்கா சிரித்தார்.

"அதுக்கின்னா, கூப்டறதுக்கு ஆளு தான் நிக்கணுமா?"

மறுநாள் வாசலில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி நின்றது. அந்தப் பாட்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. மணி அடித்தது, ஜனங்கள் குரல் கொடுத்தார்கள், அந்தப் பெண் "ரா…ண்டி, ரா…ண்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு நான் நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் பிடித்துப்போயிற்று. "ஏ சினிமாலோதி?" என்று கேட்டார்கள், எந்தப் படத்துப் பாட்டு என்று. அக்கா உள்ளே சாமான் அறைப் பக்கம் மாம்பழக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெற்றிலையை எண்ணிக்கொண்டிருந்தார். பாட்டு கேட்கிறதா என்று மட்டும் அடிக்கடி ஆள் அனுப்பினார்.

மகள் அமெரிக்காவில் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. பிரசவம் பார்க்க அக்கா லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். அவர்கள் இருந்த ஊரிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் போய்விடலாமாம். மாமியாருக்குப் பிடித்த பாட்டு ஆயிற்றே என்று, மாப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் நாடகத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். அக்காவுக்குக் கால் தரையில் இல்லை. மகள் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்றாளாம். குளிர் என்றாளாம், படி ஏற வேண்டும் என்றாளாம், தலைவலிக்கும் என்றாளாம்.

"மாசமா கீறாள்ல, அம்மா பக்கத்துலயே இருக்கணும்னு ஆச. மூஞ்சியப் பாத்தா தெரில?" என்று போனில் எனக்கு விளக்கம் வேறு சொன்னார். மகளின் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போகப்போவதாகவும் சொன்னார்.

அவர்களுக்கு ராத்திரி என்றால் நமக்கு மறுநாள் காலை. நான் புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அழைப்பு வந்தது. நாடகம் எப்படி என்று குஷியாகக் கேட்டேன். "உக்காந்துக்கினு கீறியா?" என்றார் அக்கா.

"இன்னாக்கா ஆச்சு?"

"ஏய், அது கல்யாணம் இல்லடி."

"எது?"

"மணி அடிச்சுதா, எனக்குத் தாங்கல. இதோ என் பாட்டு வந்துடுச்சுன்னு எழுந்து நின்னுட்டேன். பின்னாடி இருந்தவன் தோள்ல தட்டி உக்காருன்னான். உக்காந்துக்கினு நானும் கூடப் பாடறேன், கை தட்டறேன், ஒரே சிரிப்பு எனக்கு. பக்கத்துல ஒரு வெள்ளக்கார அம்மா. என் வயசுதான் இருக்கும். கர்ச்சீப்ப மூஞ்சியில அழுத்திக்கினு குலுங்கிக் குலுங்கி அழுவுது. என்னப் பாத்துது பாரு ஒரு பார்வ! அப்புறந்தான் மேடைய ஒழுங்கா பாத்தேன். பந்தலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடலு. ஒரே மூடுபனி. படகுல போன பையன் திரும்பல. கரை எங்க கீதுன்னு தெரியறதுக்கு மணி அடிக்கறாங்க. பெத்தவ வெளக்கத் தூக்கிக்கினு நின்னு கூப்டறா. நாலு பேரு அந்தப் பையன் சட்டையக் கொண்டாந்து அவ கையில குடுத்தாங்கடி. ஈரச் சட்ட."

"அப்ப ரண்டி?"

"அது பேருடி. அந்தப் பையன் பேரு ராண்டி."

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் கல்லூரிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். தான் தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். மாப்பிள்ளை, "நல்லா இருந்துச்சா அத்தை?" என்று கேட்டதற்கு நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டாராம்.

"நல்லாதான் இருந்துச்சுடி, அதான் எனக்குப் புரியல. அந்தப் பொம்பள என்னமா பாடறா! ஆனா நான் என் பொண்ணு கல்யாணத்துல ஒப்பாரி வெச்சுட்டேனே. வாசல்ல நான் நிக்கக் கூடாதுன்னாங்க. நிக்கல. புள்ளயச் சாவக் குடுத்தவள நிக்க வெச்சுட்டேன். இப்ப இவ வயித்துல ஒண்ணு கீதே, அதுக்கு இன்னா ஆவும்?"

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்றேன். நானே நம்பாத குரலில் சொன்னேன். சகுனம், ராசி எல்லாம் பார்க்கிறவள் இல்லை நான். இருந்தாலும் பயமாக இருந்தது.

திருப்பதி கங்கம்மா கோயிலில் அம்மனுக்கு ஒரு புடவை சாத்தச் சொன்னார் அக்கா. போனேன். பூசாரி, "தோஷம் தேனிகம்மா?" என்றார். எதற்கான தோஷம் என்று கேட்கிறார். என்னவென்று சொல்வது? பாட்டு தோஷம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வேறு வழி தெரியாமல் போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார்.

"பாகுந்தி கதம்மா, அம்மவாரினி பிலுஸ்துன்னாரு" என்றார். நன்றாகத்தானே இருக்கிறது, அம்மனை வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று. புடவையைச் சாத்திவிட்டுக் குங்குமமும் கொடுத்தார்.

இதைச் சொன்னால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் இன்னும் குழம்பிப்போனார். தினமும் காலையில் நான் பஸ் ஏறும் நேரம் பார்த்துப் போன் செய்வார், மகள் தூங்கிய பிறகு, குரலை அடக்கிக்கொண்டு. தெரியாமல் வைத்த பாட்டுக்குத் தோஷம் உண்டா? வைத்தவளுக்கா, கேட்டவர்களுக்கா? அந்தக் கல்யாண வீடியோவிலும் அதுதானே முதலில் ஓடுகிறது, அதை அழித்துவிடலாமா? ஒருநாள் கேட்டார், "அர்த்தம் தெரியாம கூப்ட்டா, யாருடி வருவாங்க?"

எல்லாவற்றுக்கும் அர்த்தம் வைத்திருந்த மனுஷி என்னிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. லேபில் டோக்கன் பலகை 'டிங்' என்று அடிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது. நாடகம் பார்த்த பிறகு அக்கா பாட்டை முணுமுணுக்கக்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். போன் மணியையும் மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

மகளுக்கு வலி எடுத்த நாளில் அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் இப்போது எனக்குள் சுற்ற ஆரம்பித்தன. லேபில் இரண்டு பில்லைத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினேன்.

மறுநாள் காலையில் பஸ்ஸில் போகும்போது போன் வந்தது. எடுத்ததும் அழுகை.

"அக்கா, அழாத. இன்னான்னு சொல்லு. அழாத."

"வலியில துடிக்கிறாடி அவ. நான் கையப் புடிச்சுக்கினு நிக்கறேன். திடீர்னு, அம்மா அந்தப் பாட்டப் பாடுன்றா. நான் வாயத் தொறக்கல. பாடும்மான்னு கத்தறா. வேணாண்டி, அது கெட்ட பாட்டு, எனக்குத் தெரியாம போச்சு, அது செத்த புள்ளயக் கூப்டற பாட்டுன்னு சொல்லிட்டேன். அந்த நேரத்துல போய்ச் சொல்லிட்டேன். மாப்பிள்ள முழிக்கிறாரு. அவ இன்னா சொன்னான்றே?"

"இன்னா சொன்னா?"

"எனக்குத் தெரியும்மான்றா. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமாம். கம்ப்யூட்டர்ல போட்டு முழுக் கதையும் படிச்சுக்கிறா. அப்ப ஏண்டி சொல்லலன்னேன். 'வாசல்ல நீ நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உன் பாட்டாவது நிக்குதேன்னு இருந்தேன். அதயும் நான் எடுக்கச் சொல்வனாம்மா'ன்றா. அந்த வலியிலடி! எல்லாம் தெரிஞ்சுக்கினே மாலையும் கழுத்துமா அந்தப் பாட்டுக்குள்ள நடந்து வந்துக்கிறா. அவ மூஞ்சிய நான் தினமும்தான் பாத்தேன். இன்னாடி தெரிஞ்சுது எனக்கு?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

"பாடினியாக்கா?"

"பாடினேன். வேற இன்னா பண்றது, அவ விடல. யாரக் கூப்டறேன்னு தெரியாமயே பாடினேன். அந்தப் பையன் ஞாபகமாவே இருந்துச்சு, அந்த ஈரச் சட்ட கண்ணு முன்னாடியே நின்னுச்சு. அவனத்தான் கூப்ட்டனோ, இவனத்தான் கூப்ட்டனோ, இன்னும் எனக்குத் தெரில." அக்கா மூக்கை உறிஞ்சினார். "ஆனா வந்துட்டாண்டி."